வாசலால இறங்குங்க

என் மகனுக்கு,

இதை எழுதும்போது உனக்கு ஐந்து வயதும் நான்கு மாதமும். நீ வாசிக்கும்போது எத்தனை வயதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டை விட்டு நீ எங்கேயாவது வெளிக்கிடும் நாளில் உன் பெட்டிக்குள் இதை வைக்கலாம் என்று இருக்கிறேன். படிக்கப் போவாயோ, வேலைக்குப் போவாயோ, கலியாணம் முடித்துப் போவாயோ, ஏதோ ஒன்று. அவ்வளவு பிந்திக் கொடுக்கப்போவதை இப்போதே எழுதுவதற்குக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு முன்னறையில் நடந்த ஒரு விஷயம். அதில் நீதான் முக்கியமான ஆள். ஆனால் நீ அதை மறந்துவிடுவாய். ஐந்து வயதில் நடந்தவற்றில் எனக்கு இன்று மிஞ்சியிருப்பது ஒரு சிவப்பு வாளியும் ஒரு நாய் கடித்ததும்தான். உனக்கும் அப்படித்தான் ஆகும்.

எழுதுவது பாசிக்குடாவில், நான் வேலை செய்யும் ஹோட்டலின் மெஷின் அறையில், பகல் சாப்பாட்டு நேரத்தில். ஏசி, குளிர் அறை, தண்ணீர்ப் பம்பு, இவைதான் என் பொறுப்பு. உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்னும் இடம் இது, எனக்கு வேலைக்குக் குறைவில்லை. தொழில் படிக்கும்போது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தந்தார்கள்: எந்த வயரைத் தொடும் முன்பும் டெஸ்டர் வைத்துப் பார். டெஸ்டர் எரியவில்லை என்றால் உடனே நம்பிவிடாதே. கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு இடத்தில் அதே டெஸ்டரை வைத்துப் பார். பழுது டெஸ்டரிலும் இருக்கலாம். இதை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வயர்களுக்கு மட்டும்.

உன் அம்மா தர்சினி வந்தாறுமூலைக் கம்பஸில் கிளார்க்காக இருந்தார். மண்டபச் சாவி அவருடைய மேசை லாச்சியில்தான் இருக்கும். ஒரு நாள் மாணவர்களுக்கு ஒரு நாடகப் பட்டறை நடத்துவதற்கு டவுனில் இருந்து மெரில் அன்ரி வந்திருந்தார். உனக்குத் தெரிந்த அதே மெரில் அன்ரிதான், மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பம், தையல் கடை வைத்திருப்பவர். அதற்கு முன்பு என்னுடைய ஹோட்டலில் விருந்தாளிகளுக்கு விளையாட்டுக் காட்டும் வேலையில் இருந்தார். பட்டறை முடிந்ததும் மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்பதற்காக அம்மா கடைசி வரிசையில் சாவியோடு காத்திருந்தார். அன்று அவர்கள் செய்தது மனப்பாடம் செய்து நடிக்கும் நாடகம் இல்லை. இம்ப்ரோவ் என்பார்கள். சபையில் இருக்கும் யாராவது ஒரு இடத்தையோ பொருளையோ சொல்வார்கள். அதை வைத்து அந்த நிமிஷமே, எழுதிய வசனம் இல்லாமல், ஒத்திகை இல்லாமல் ஆட வேண்டும். ஆளுக்கு ஆள் சோடி சேர்த்தபோது ஒருவர் குறைந்தாராம். மெரில் அன்ரி பின்னால் பார்த்து, "சாவி வச்சிருக்கிற தங்கச்சி, கொஞ்சம் இஞ்ச வாங்க," என்று கூப்பிட்டிருக்கிறார். "நான் பூட்டத்தான் வந்தன்," என்றாராம் அம்மா. "பூட்டலாம் பூட்டலாம். மண்டபம் எங்கயும் ஓடாது, வாங்க."

அன்று பின்னேரம் அவர் வீட்டுக்குள் வந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "இஞ்சப் பாருங்க, இண்டைக்கு நான் பல்லு டொக்டர். ஒரு முதலைக்குப் பல்லுப் புடுங்கினன்."

"முதலை ஆரு?"

"கெமிஸ்ட்ரி படிக்கிற ஒரு புள்ள. நல்லா வாயத் திறந்தா. பாவம், ஆத்துக்குள்ள கிடந்து வந்தது, பல்லு விளக்கிப் பழக்கமில்லையாம்."

"என்ன எழுதித் தந்தாங்க?"

"ஒண்டும் எழுதல்ல."

"எழுதாம எப்பிடி? ட்ரோயிங் இல்லாம வயர் இழுக்கிறதா?"

"ஓம், அப்பிடித்தான். ஆனா ஆருக்கும் சொக் அடிக்காது."

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் மெரில் அன்ரியின் கடைக்கு மேல் இருக்கும் மாடி மண்டபம்தான். பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழுவாகி, தங்களுக்கு 'சட்டெண்டு' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். அங்கே என்ன படிக்கிறீர்கள் என்று நான் கேட்டபோது அம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, கூட நடிப்பவர் எதைத் தந்தாலும் ஓம் என்று வாங்க வேண்டும். வாங்கிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, அதோடு இன்னொன்று சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்றது, ஒருவர் வெறும் கையால் ஒரு மேசையைக் காட்டி வைத்தால், காட்சி முடியும் வரைக்கும் அது மேசைதான். அதைச் சுற்றித்தான் போக வேண்டும். "இல்லாத மேசையச் சுத்திப் போறதா?" என்று கேட்டேன். "நீங்க வச்ச மேசை இல்லையே, மற்ற ஆள் வச்ச மேசை. அதுக்கு மரியாதை இருக்குத்தானே," என்றார்.

என்னையும் வரச்சொல்லி ஆறு மாதம் இழுத்தார். போனேன். பட்டறையில் பெரும்பாலும் சுவரோடு நின்றேன். அப்படியிருந்தும் முதல் ஷோவில் ஒரு சின்னப் பாத்திரத்துக்கு என்னைச் சேர்த்துவிட்டார்கள். மாடி நிறைய ஆட்கள். அம்மாவின் தங்கை, உன் சித்தி, வவுணதீவில் இருந்து வந்து முன்வரிசையில் இருந்தார். நீ அவருடைய மடியில் நித்திரை. மெரில் அன்ரி சபையைப் பார்த்து ஒரு இடம் சொல்லுங்கள் என்றார். பின்னால் இருந்து ஒருவர், "வவுணதீவு பஸ்!" என்று கத்தினார். சனம் சிரித்தது. அம்மா உடனே முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு டிரைவராகிவிட்டார். கண்ணாடியைச் சரி பார்த்தார், கியரோடு மல்லுக்கட்டினார். ஆற்றில் வலை போடும் செல்வம் அண்ணன் எங்கள் குழுவில் இருந்தார். அவர் ஒரு கூடை இறாலோடு ஏறினார். இன்னொருவர் நெல் மூட்டையோடு ஏறி அதை இறாலுக்கு மேல் வைத்தார். பெரிய சண்டை. அப்போது நான் ஏற வேண்டும். ஏறினேன். அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஆ, புதுக் கொண்டக்டர் வந்திட்டார்!" என்று கைகொடுத்தார்.

நான், "இல்ல, நான் ஏசி திருத்திற ஆள்," என்றேன்.

இல்லை என்றேன், பார். வாங்கச் சொன்ன இடத்தில் வாங்காமல் விட்டேன். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை, உண்மைதான் வந்தது. அம்மா ஒரு கணமும் தடுமாறவில்லை. "கடவுளே, கடைசியா வந்தீங்களே! முப்பது வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கம். செல்வம் அண்ணன்ட இறாலெல்லாம் ஏசி இல்லாமத்தான் நாறுது!" மாடியே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு என் காதுக்குள் எப்படி விழுந்தது என்றால், நான் ஒரு பழுதான மெஷினாக அங்கே நிற்பது போலவும், எல்லாரும் அதைச் சுற்றி நின்று பார்ப்பது போலவும். இறங்கிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பக்கவாட்டில் நேரே நடந்து மேடையை விட்டு இறங்கிவிட்டேன். ஐந்து நிமிஷமாக எல்லாரும் சேர்ந்து கட்டிய பஸ்ஸின் தகரத்துக்குள்ளால் நடந்து போனேன்.

"ஐயோ! பஸ்ஸ உடைச்சிட்டாரு!" என்று அம்மா எழுந்து நின்றார். "அண்ணன், இஞ்ச வாங்க. வந்து இந்த ஓட்டைய அடைங்க. அடைச்சிட்டு மனிசரப் போல வாசலால இறங்குங்க!" சனம் கைதட்டி என்னைத் திருப்பிக் கூப்பிட்டது. நான் வந்தேன், ஓட்டையை அடைப்பதுபோல் கையை ஆட்டினேன், வாசலால் இறங்கினேன். அன்றைய ஷோவில் பெரிய கைதட்டல் அதற்குத்தான். என்னைக் காப்பாற்றியது அவர். எனக்கு அது அன்று விளங்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தில் வரும்போது, நீ எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தாய். "எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சாங்க," என்றேன். "உங்களப் பாத்து இல்ல. உங்களோட சேந்து," என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னேன்: "இனி அந்த பஸ்ஸப் பத்தி இந்த வீட்ட ஒரு கத கதைக்க ஒண்ணா. விளங்குதா?" அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி," என்றார். மகன், கோபத்தில் ஒருவரை வாய் மூட வைக்காதே. அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடுவார்கள். உன் அம்மா ஒன்றரை வருஷம் காப்பாற்றினார். அவர் பட்டறைக்குப் போவதை நான் தடுக்கவில்லை, ஷோக்களுக்கும் நானே கொண்டுபோய் விடுவேன். ஆனால் மாடி ஏற மாட்டேன். கீழே தையல் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் இருப்பேன். மேலே சனம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள் அம்மாவின் சிரிப்பு எது என்று எனக்குப் பிரித்துத் தெரியும். இருபது படிதான். நான் ஏறவில்லை.

வீட்டில் அவர் உன்னோடு விளையாடினார். அது எனக்குத் தெரியும், முழுதாகத் தெரியாது. முன்னறையில் ஆறு பிளாஸ்டிக் கதிரையும் வரிசையாக நிற்கும். முன்கதிரையில் அம்மா டிரைவர். நீ கொண்டக்டர், தோளில் என்னுடைய பழைய மல்ட்டிமீட்டர் பை. என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மாவின் குரல் உள்ளே கேட்கும்: "மகன், அப்பா வந்திட்டார், பஸ் டிப்போக்குப் போகுது." நான் செருப்பைக் கழற்றி உள்ளே வரும்போது கதிரைகள் மேசையைச் சுற்றி இருக்கும். அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார். அதுவும் அந்தச் சொல்லைக் காப்பாற்றியதுதான் என்று நான் யோசிக்கவே இல்லை. வீடு ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அந்த மழைக்காலம். டெங்கு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்தேன். காய்ச்சல், பிரஷர், இரத்தத்தின் எண்ணிக்கை, குடித்த தண்ணீர், போன சிறுநீர், மணி போட்டு. ஐந்தாம் நாள் பகல் பார்வை நேரத்தில் நான் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்: "இந்த பஸ் இன்னும் வெளிக்கிடல்லயா?"

"என்ன பஸ்?"

"ஆக்கள் நிறையட்டும் எண்டு நிப்பாட்டி வச்சிருக்கான் போல. நல்ல காலம், எனக்கு யன்னல் சீற் கிடைச்சது."

நான் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். "தர்சி, இது வார்ட். நீ ஆஸ்பத்திரியில இருக்காய்." அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கல்லடியில் வீட்டு வாசலில் பார்த்த அதே பார்வை. நான் போய் நர்சைக் கூட்டிவந்தேன். "மிஸ், இவ விளங்காமக் கதைக்கா." நர்ஸ் பெயர் கேட்டார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், பிள்ளையின் பெயர் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். "நல்ல தெளிவாத்தானே இருக்கா," என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனார். நர்சைக் கூப்பிட்டது பிழை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காய்ச்சலில் உளறுவது கெட்ட அறிகுறி, இன்றைக்கும் கூப்பிடுவேன். பிழை அதற்குப் பிறகு. தெளிவாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகாவது நான் யோசித்திருக்க வேண்டும். தெளிவாக இருக்கிற ஒருவர் கட்டிலை ஏன் பஸ் என்கிறார்? என் டெஸ்டர் எரியவில்லை. அதை நான் வேறு எங்கேயும் வைத்துப் பார்க்கவில்லை. கொப்பியில் மணி எழுதினேன்.

பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. பிளாஸ்க்கை எடுத்தேன். அவர் என் முழங்கையை மெல்லத் தட்டினார். "உங்கட இறக்கம் வந்திட்டு. மகன் பாத்துக்கிட்டு நிப்பான். வாசலால இறங்குங்க."

"சரி, பின்னேரம் வாறன்," என்றேன்.

பின்னேரம் நான் போகும்போது அவரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தார்கள். பேச்சு இல்லை. அடுத்த நாள் விடியும்போது போய்விட்டார். அவருடைய கடைசி வார்த்தை என்ன என்று சொந்தக்காரர் கேட்டபோது, ஒன்றுமில்லை, போகச் சொன்னா, என்று சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் போனார்கள். சித்தி மட்டும் நம்மோடு தங்கினார். நான் அழவில்லை என்று எல்லாரும் கதைத்தார்கள், அது உண்மைதான். வீட்டில் இருந்த அத்தனை பிளக்கையும் மாற்றினேன். பிரிட்ஜைப் பிரித்துப் பூட்டினேன். குசினிக் குழாய், கேற்றுப் பிணைச்சல், மின்விசிறி, பழுதில்லாத மின்விசிறியும். இப்படி ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது முன்னறையில் கதிரைகள் வரிசையாக நின்றன. நீ பையை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றாய். "ஏறுங்க ஏறுங்க, உள்ள போங்க," என்றாய். பிறகு முன்கதிரையைப் பார்த்து, "அம்மா, றைட்!" என்றாய். முன்கதிரையில் யாரும் இல்லை.

நான் சொன்னேன்: "மகன், அங்க ஒருத்தரும் இல்ல. அம்மா இல்ல."

சொல்லிக்கொண்டே நேராக நடந்து, இரண்டு கதிரைக்கு நடுவால் போய், அந்த முன்கதிரையைத் தூக்கி மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ அழவில்லை. மிச்சக் கதிரைகளை ஒவ்வொன்றாக நீயே இழுத்துப்போய் வைத்தாய். பையைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டினாய். அன்றைக்குப் பிறகு நீ என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாய். முழுதாக இல்லை. சாப்பிட்டாயா என்றால் ஓம். பசிக்குதா என்றால் இல்லை. அவ்வளவுதான். சித்தியோடு கதைப்பாய், பக்கத்து வீட்டுப் பூனையோடு கதைப்பாய். நான் அறைக்குள் வந்தால் நிறுத்துவாய். அம்மாவிடம் இருந்து பழகியதாக்கும், அப்பா வந்தால் பஸ் டிப்போவுக்குப் போகும். ஏழு கிழமை அப்படிப் போனது. ஒருவரை நான் இழந்துவிட்டேன், மற்றவரை இழந்துகொண்டிருந்தேன், அவர் எனக்கு முன்னால்தான் இருந்தார், சோற்றைப் பிசைந்துகொண்டு.

அம்மாவின் கைப்பைக்குள் குழுவின் மணி ஒன்று இருந்தது, காட்சி முடிந்தது என்று அடிப்பார்களே, அது. அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு சனிக்கிழமை போனேன். கடை பூட்டியிருந்தது, மேலே சத்தம் கேட்டது. அந்த இருபது படியையும் அன்றுதான் மறுபடி ஏறினேன். மெரில் அன்ரி மணியை வாங்கவில்லை. "வகுப்பு முடியட்டும். அதுவரைக்கும் நீங்களே வச்சிருங்க. நான் சொல்லக்குள்ள அடிங்க," என்றார். பின்வரிசையில் இருந்தேன். புதிதாக வந்த ஒரு பிள்ளை, செல்வம் அண்ணன் காட்டி வைத்த சாப்பாட்டு மேசைக்குள்ளால் நடந்து போனாள். மெரில் அன்ரி சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, சோத்த மிதிச்சிட்டீங்க. கிறுகிப் போய் சுத்தி வாங்க," என்றார். அந்த இடத்தில்தான் மகன், எனக்கு எல்லாம் விளங்கியது. வார்ட், யன்னல் சீற், ஆட்கள் நிறையட்டும் என்று நிற்கும் பஸ், உங்கட இறக்கம், வாசலால இறங்குங்க. நான் பேசக் கூடாது என்று பூட்டி வைத்த பஸ்ஸை, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, இனி நேரமில்லை என்று தெரிந்தோ தெரியாமலோ, ஒரே ஒரு முறை அவர் எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நான் ஏறவில்லை. மெரில் அன்ரி மணியை அடிக்கச் சொன்னது எனக்குக் கேட்கவில்லையாம். மூன்று தரம் சொன்னாராம்.

எல்லாரும் போன பிறகு மெரில் அன்ரியிடம் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். கொப்பியில் இருந்த ஒழுங்கில், மணி மணியாகச் சொன்னேன். அவர் கதிரைகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இறங்கச் சொன்னாவா? மறுகா நீங்க என்ன செய்தீங்க?"

"என்ன செய்ற? வந்திட்டன்."

"எதால?"

"வார்ட் வாசலால."

"அப்ப சரியாத்தானே இறங்கியிருக்கீங்க."

"நான் நடிக்கல்ல மெரில். சும்மா நடந்து வந்தன்."

"அவக்கு அது தெரியாதே," என்றார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கதிரைகளை அடுக்கினார். அவருக்கும் அம்மா சிநேகிதி. உன்னைப் பற்றியும் சொன்னேன், கதிரையைத் தூக்கியதைச் சொன்னேன். இல்லாத அம்மாவை இருக்கிறா என்று பிள்ளைக்குப் பொய் சொல்வதா என்று கேட்டேன். "பொய் சொல்லச் சொல்லல்ல. புள்ள பஸ் விட்டா பஸ்ஸில ஏறுங்க. எங்க போறது எண்டு அவன் சொல்லுவான். நீங்க டிரைவரும் இல்ல, டிப்போ மனேஜரும் இல்ல."

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். அழுவதற்காக இல்லை, படிப்பதற்காக. மோசமான மாணவன் நான். முயலாக இரு என்றால் முயலின் எடை என்ன என்று யோசிப்பேன். "உங்கட கைக்குத் தெரிஞ்சதச் செய்ங்க," என்றார் மெரில் அன்ரி. அப்போது வெறும் காற்றில் ஒரு ஏசியின் மூடியைக் கழற்றினேன். நாலு ஸ்குரு. ஒவ்வொன்றாகச் சட்டைப் பைக்குள் போட்டேன். செல்வம் அண்ணன் வீட்டுக்காரராக வந்து, "தம்பி, இதுக்குள்ள எலி குட்டி போட்டிருக்காமே," என்றார். நான் உள்ளே பார்த்தேன். "ஓம். ஆறு குட்டி. கம்பிளெயின்ட் பண்ணினதும் அதுகள்தான், குளிருதாம்," என்றேன். சிரித்தார்கள். மூடியைப் பூட்டும்போது சட்டைப் பைக்குள் கைவிட்டு ஸ்குருவை ஒவ்வொன்றாக எடுத்தேன். நாலாவதைக் காணவில்லை, தேடினேன், செல்வம் அண்ணன் குனிந்து நிலத்தில் இருந்து எடுத்துத் தந்தார். இல்லாத ஒரு ஸ்குருவை ஒரு மனிதர் எனக்காகக் குனிந்து எடுத்துத் தந்தார். மாடி முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எங்கேயும் குத்தவில்லை. உன் அம்மா இதைத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் கீழே மோட்டார் சைக்கிளில் இருந்தேன். அதை நினைத்ததும் படியில் இறங்கி வந்து கடை வாசலில் முதல் தரம் அழுதேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முன்னறையில் கதிரைகளை வரிசையாக வைத்தேன். வைத்துவிட்டு ஓரமாக, பஸ்ஸுக்கு நிற்கும் ஆளைப் போல் நின்றேன். முதல் கிழமை நீ பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாய். அரைமணித்தியாலம் நின்றேன். சித்தி வந்து, "அத்தான், கால் உளையல்லயா?" என்றார். இரண்டாம் கிழமை நீ அறைக் கதவில் நின்று விரலைச் சூப்பிக்கொண்டு பார்த்தாய். போன ஞாயிறு மூன்றாம் கிழமை. நீ வந்தாய். என்னைப் பார்க்காமல் கதிரைகளைச் சுற்றி நடந்தாய். இடப்பக்கத்தில் ஒரு கதிரையைப் பிடித்துப் பின்னால் தள்ளினாய்.

"பஸ்ஸுக்கு வாசல் விடல்ல நீங்க," என்றாய்.

ஏழு கிழமையும் இன்னும் எத்தனையோ கிழமையும் கழித்து நீ எனக்குச் சொன்ன முதல் முழு வசனம் அதுதான்.

"ஓம் மகன், அயத்துப் போயிட்டன், மறந்திட்டன்," என்றேன்.

நீ கொளுக்கியில் இருந்து பையை எடுத்து மாட்டினாய். "எங்க போறீங்க?"

"இந்த பஸ் போற இடத்துக்கு."

"அப்ப ஏறுங்க. உள்ள போங்க, உள்ள போங்க." வாசலால் ஏறினேன். கொஞ்சம் உயரமான படி, கம்பியைப் பிடித்து ஏறினேன். நீ கவனித்தாய். முன்கதிரைக்குக் கிட்டப் போனதும் தடுத்தாய். "அதில இருக்க ஒண்ணா. அம்மா ஓட்டுறா."

எனக்குள் இருக்கும் அந்தத் தொழில்காரன் வாயைத் திறந்தான். நான் அவனை விடவில்லை. "ஓம்," என்றேன். "அப்ப நான் பக்கத்தில பிடிச்சிக்கிட்டு நிக்கிறன். அம்மா நல்லா ஓட்டுவா, ஆனா பிரேக் சட்டெண்டு அடிப்பா." நீ சிரித்தாய் மகன். சத்தமாக இல்லை, பல்லுத் தெரியாமல், மூக்கால். "றைட்!" என்றாய். நாங்கள் போனோம். கல்லடிப் பாலம் வந்தது, நான் ஆடினேன். டவுன் வந்தது. மெரில் அன்ரியின் கடையடியில் நிறைய ஆட்கள் ஏறியதாகச் சொன்னாய், நான் ஒடுங்கி நின்றேன். வலையிறவுப் பாலம் தாண்டியது. இரண்டு பக்கமும் வயல் வட்டை, நெல் விளைந்து கிடக்கிறது என்றாய், ஓம், இனி வெட்டத்தான் என்றேன். வெறும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பிறகு நீ பையில் தட்டினாய். "வவுணதீவு! வவுணதீவு இறக்கம்!" முன்கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். அந்தக் கதிரையின் கையை மெல்லத் தட்டினாய். முழங்கையைத் தட்டுவது போல.

"அம்மா, உங்கட இறக்கம் வந்திட்டு. வாசலால இறங்குங்க."

அப்படியென்றால் அது உங்கள் விளையாட்டின் வசனம். நான் இல்லாத பின்னேரங்களில் உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார். எனக்கு வார்டில் சொன்னபோது அவர் தெளிவாகத்தான் இருந்தார். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் நடுப்பாதையில் நின்றேன். உனக்கு விளங்கட்டும் என்று சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் எதையும் நடிக்கவில்லை. காலை இழுத்து, முதுகைப் பக்கத்துக் கதிரையோடு ஒட்டி, வழி விட்டேன். அவர் போகும் அளவுக்கு. நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ கை காட்டினாய். நானும் காட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நான் மணி பார்க்கவில்லை.

பிறகு நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, பஸ் ஓட்ட ஆள் இல்ல."

"ஓம், இல்லத்தான்."

"நீங்க இருங்க."

சுற்றிப் போய், முன்கதிரையில் இருந்தேன். கண்ணாடியைச் சரி பார்த்தேன், அவர் சின்ன ஆள், எனக்குக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது. பின்னால் நீ பையைத் தட்டி, "றைட், போவம்!" என்றாய்.

மகன், நீ இதை வாசிக்கும் நாளில் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிருப்பாய். நான் அழக்கூடும், நீ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. நான் வழி விட்டு நிற்பேன். வாசலால் இறங்கு.

அப்பா